பாலின் தரம் கண்ட பாப்காக்

பாலைப் பாடாத புலவர் இல்லை. பாலை அளக்காத வீடும் இல்லை. ஆயினும், ஒரு கோப்பைப் பாலில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை வேதியியல் கல்லாத ஒருவரும் கால் மணி நேரத்தில் கண்டு சொல்லும் வழியை உலகுக்குத் தந்தவரின் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஸ்டீபன் மௌல்டன் பாப்காக் என்பது அவர் பெயர். அமெரிக்க நாட்டவர்.

விலங்கியல் மாணவனாகிய நான் அவரிடம் வந்து சேர்ந்தது சுற்று வழியில்தான். கறவை மாட்டின் மடியில் எந்த மரபணு எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பதை இன்று அளந்து காண்கிறார்கள். மரபணு வெளிப்பாடு என்று அதனைக் குறிப்பர். அதைப் பற்றிக் கருத்தரங்குக் கட்டுரை ஒன்று எழுதுவதற்காகப் படித்துக்கொண்டிருந்தேன். எந்த ஆய்வைப் புரட்டினாலும் ஒருபுறம் மரபணுக் கணக்கு இருந்தது. மறுபுறம் பாலின் கொழுப்புச் சதவிகிதம் இருந்தது. மரபணுக் கணக்கு நேற்று வந்தது. கொழுப்புச் சதவிகிதமோ பழையது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால், 1890-இல் விஸ்கான்சின் மாநிலத்து ஆய்வுக்கூடம் ஒன்றின் வாயிலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா மாவட்டத்தில் பிரிட்ஜ்வாட்டர் என்னும் ஊரை அடுத்த பண்ணையொன்றில் 1843 அக்டோபர் 22-ஆம் நாள் பாப்காக் பிறந்தார். 1866-இல் டஃப்ட்ஸ் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர்ப் பொறியியல் கற்கச் சென்றவர், தந்தையார் இறந்துவிடவே படிப்பை விட்டுப் பண்ணைக்குத் திரும்பினார். சில ஆண்டுகள் சென்றபின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் ஈடுபட்டு, அங்கிருந்து ஜெர்மனி சென்று, 1879-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். யூரியாவைச் செயற்கை முறையில் ஆக்கிக் காட்டிய வோலர் பேராசிரியராக விளங்கிய இடம் அது. அக்காலத்தில் வேதியியல் என்றால் ஜெர்மனிதான்.

தாயகம் திரும்பிய பாப்காக், 1882-இல் நியூயார்க் மாநிலத்தின் ஜெனிவா நகரிலிருந்த வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் வேதியியலாராகப் பணியேற்றார். அங்கேதான் அவருடைய வாழ்நாள் ஐயம் பிறந்தது.

மாட்டுக்கு என்ன தீவனம் இடுவது என்பதற்கு ஜெர்மானியர் அப்போது அட்டவணைகள் வகுத்திருந்தனர். இத்தனை பங்கு புரதம், இத்தனை பங்கு மாவுச்சத்து, இத்தனை பங்கு கொழுப்பு என்று கணக்கு. எந்தத் தானியத்திலிருந்து வந்தாலும் புரதம் புரதமே. கணக்குச் சரியாக இருந்தால் மாடும் சரியாக இருக்கும் என்பது அவர்கள் கொள்கை. பாப்காக் பசு தின்ற தீவனத்தையும் அது இட்ட சாணத்தையும் தனித்தனியே பகுத்துப் பார்த்தார். சாம்பல் நீங்கலாக, இரண்டின் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது! மீண்டும் மீண்டும் செய்து பார்த்தும் முடிவு மாறவில்லை. தாளில் பார்த்தால் தீவனமும் சாணமும் ஒன்றே. பசுவைக் கேட்டால் அப்படிச் சொல்லாது. இந்தப் பகுப்பாய்வை நம்பினால் பன்றிக்கு நிலக்கரியும் தோலும் போட்டு வளர்த்துவிடலாமே என்று அவர் தம் தோழர்களைக் கேலி செய்வாராம். கேலியாகச் சொன்னாரேயன்றி, அவர் மனத்தில் அது முள்ளாகவே தைத்திருந்தது. ஒரே ஒரு தானியத்தை மட்டும் இட்டு ஒரு பசுவை வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று விரும்பினார். அந்த விருப்பம் நிறைவேறக் கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

1887-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. கோதுமை விளைந்து விளைந்து மண் சலித்துப்போக, விஸ்கான்சின் உழவர்கள் கறவை மாட்டுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. உழவர்கள் பாலைக் கொண்டுபோய் வெண்ணெய் ஆலைகளிலும் பாலாடைக்கட்டி ஆலைகளிலும் ஊற்றுவார்கள். ஆலைக்காரர் எடைக்குக் காசு கொடுப்பார். வெண்ணெயாக மாறுவது கொழுப்பு. காசு பெறுவதோ எடை. நல்ல பால் கறந்த உழவரும் தண்ணீரைக் கலந்த உழவரும் ஒரே விலை பெற்றனர். பால்மானி இருந்ததே என்று கேட்கலாம். பாலிலிருந்து ஆடையை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி கூடும். தண்ணீரை ஊற்றினால் அடர்த்தி குறையும். இரண்டையும் அளவறிந்து செய்தால் பால்மானி பழைய இடத்திலேயே நின்று நற்சான்று வழங்கும்! நேர்மையாளர் நட்டமடைந்து, ஆலைக்காரரும் உழவரும் ஒருவரையொருவர் ஐயுற்று, அத்தொழிலே சீர்குலையும் நிலையில் இருந்தது. கொழுப்பைத் துல்லியமாக அளக்கும் முறை ஆய்வுக்கூடங்களில் இல்லாமல் இல்லை. அதற்கு ஈதர் வேண்டும், நுண்தராசு வேண்டும், தேர்ந்த வேதியியலார் வேண்டும். காலையில் நூறு வண்டி வந்து நிற்கும் ஆலையில் அது நடக்கிற காரியமா?

வேளாண்மைக் கல்லூரித் தலைவர் ஹென்றி இதற்கொரு வழி காணுமாறு பாப்காக்கைத் தூண்டிக்கொண்டே இருந்தார். பாப்காக் ஒரு முறையைக் கண்டார். பல்கலைக்கழக மந்தையில் எல்லாப் பசுக்களின் பாலிலும் அது சரியாக விடை தந்தது, ஒரே ஒரு பசுவின் பாலில் தவிர. ஒரு பசுதானே, வெளியிட்டுவிடலாம் என்றே மற்றவர்கள் எண்ணினர். பாப்காக் இசையவில்லை. அந்த ஒரு பசுவின் சொந்தக்காரர் ஏமாற்றப்பட்டால் அது என்ன சோதனை? முறையைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அவருடைய வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். செய்முறை வகுப்பில் ஒட்டாத ஒரு புள்ளியை விட்டுவிட்டுக் கோடு போடும் நம் பழக்கத்தை நினைத்துக்கொண்டேன்.

புதிய முறை மிக எளியது. கழுத்து நீண்ட குடுவையில் 17.6 மில்லிலிட்டர் பாலை விட்டு, ஏறத்தாழ அதே அளவு அடர் கந்தக அமிலத்தை ஊற்றிக் கலக்க வேண்டும். அமிலம் புரதத்தையும், கொழுப்பு மணிகளைச் சுற்றியுள்ள மெல்லிய உறையையும் கரைத்துவிடும். கலக்கும்போது எழும் சூடே கொழுப்பை உருக்கிவிடும். கொழுப்பைத் தொடாமல் மற்றவற்றை மட்டும் கரைக்கும் அளவுக்கு அமிலத்தின் வலிமையைத் தேர்ந்ததுதான் பாப்காக்கின் திறமை. பிறகு, கையால் சுழற்றும் மையவிலக்குப் பொறியில் வைத்துச் சுழற்றி, வெந்நீர் விட்டால் கொழுப்பு கழுத்துக்கு ஏறி நிற்கும். கழுத்திலுள்ள கோடுகளைப் படித்தால் அதுவே சதவிகிதம். இதிலுள்ள கணக்கு அழகானது. பிப்பெட்டிலிருந்து இறங்கும் பாலின் எடை 18 கிராம். கழுத்தின் 10 கோடுகளுக்கு இடைப்பட்ட கொள்ளளவு 2 மில்லிலிட்டர். சூடான கொழுப்பின் அடர்த்தி 0.9 ஆகையால் அதன் எடை 1.8 கிராம்; அதாவது 18 கிராமில் பத்தில் ஒரு பங்கு. பெருக்கலும் வகுத்தலும் குடுவைக் கழுத்திலேயே அடங்கிவிட்டன. படிக்கத் தெரிந்தால் போதும்.

1890 ஜூலையில் ஆராய்ச்சி நிலையத்தின் 24-ஆம் வெளியீடாக இம்முறை வெளிவந்தது. பாப்காக் இதற்குக் காப்புரிமை பெறவில்லை. பெற்றிருந்தால் பெருஞ்செல்வராகியிருப்பார் என்பதில் ஐயமில்லை. அரசின் ஊதியத்தில் செய்த வேலை மக்களுக்கே உரியது என்று கருதினார். இதனை எல்லோரும் பாராட்டுகின்றனர், நானும் பாராட்டுகிறேன். ஆனால், ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. யார் வேண்டுமானாலும் குடுவை செய்யலாம் என்றானபோது, அளவு பிசகிய குடுவைகளும் கடைக்கு வந்தன. குடுவைகளைச் சோதித்து முத்திரையிடப் பல மாநிலங்கள் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. கொடையும் காவலின்றி நிற்பதில்லை.

சில காலத்துக்குள் சுவிட்சர்லாந்தில் கெர்பர் என்பார் கந்தக அமிலத்தோடு அமைல் ஆல்கஹாலும் சேர்த்து இதையொத்த முறையொன்றை வகுத்தார். நம் நாட்டுப் பால் சங்கங்களில் நெடுங்காலம் வழங்கியது கெர்பர் முறையே. இன்று பல சங்கங்களில் மின்கருவி வந்துவிட்டது. கேனை இறக்கிவைத்துவிட்டு, ஃபேட் எவ்வளவு என்று எட்டிப் பார்க்கும் அம்மாமார்களுக்குக் கெர்பரையும் தெரியாது, பாப்காக்கையும் தெரியாது. அன்றைய பணம் எவ்வளவு என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது.

ஆலையில் விலை கேட்கப் பிறந்த சோதனை விரைவில் தொழுவத்துக்குள் நுழைந்தது. பத்துப் பசு வைத்திருப்பவர் பத்தின் பாலையும் தனித்தனியே சோதித்தால், எது குடும்பத்தைக் காக்கிறது, எது தண்டத் தீவனம் தின்கிறது என்பது தெரிந்துவிடும். 1895-இல் டென்மார்க்கில் உழவர்கள் கூடிப் பசுக்களைச் சோதிக்கும் சங்கம் அமைத்தனர். 1905-இல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் அத்தகைய சங்கம் தோன்றியது. மாதந்தோறும் வந்து, பாலை நிறுத்து, கொழுப்பை அளந்து, பேரேட்டில் எழுதிவைத்துப் போனார்கள். பசுவின் தகுதி இப்படித் தெரிந்தது. பால் கறக்காத காளையின் தகுதி எப்படித் தெரியும்? அதன் மகள்களின் பேரேட்டைப் பார்த்துத்தான். இன்றைய கால்நடை மரபியல் முழுவதும் அந்தப் பேரேடுகளின் மீது எழுந்த கட்டடமே. அளக்க எளிதாயிருந்த கொழுப்புக்கே விலையும் மதிப்பும் சேர்ந்துகொண்டன என்பதும், மாட்டின் நலம், சினைப்பிடிப்பு போன்றவை பேரேட்டில் இடம்பெற மிகவும் பிந்தின என்பதும் அதன் மறுபக்கம்.

பின்னர், ரஸ்ஸல் என்ற நுண்ணுயிரியலாருடன் சேர்ந்து பாலாடைக்கட்டியைக் குளிரில் பதப்படுத்தும் முறையை ஆராய்ந்தார். அதைவிட, அவருடைய பழைய ஐயத்தின் கதையே சுவையானது.

ஒற்றைத் தானியச் சோதனைக்குக் கால்நடைத் துறையினர் எளிதில் இடம் தரவில்லை. மாடுகள் செத்துப்போகும் என்று அஞ்சினர். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பசுக்களுக்கு உப்பை நிறுத்திப் பார்த்த முந்தைய சோதனையொன்றில் ஒரு பசு இறந்து, சோதனை பாதியில் கைவிடப்பட்டிருந்தது. துறைகளில் புதியவர்கள் தலைமையேற்ற பிறகே வழி பிறந்தது. 1907 மே மாதத்தில், பாப்காக்குக்கு 63 வயதானபோது, 16 கிடாரிகளைத் தேர்ந்து நான்கு நான்காகப் பிரித்தனர். ஒரு பிரிவுக்குக் கோதுமைப் பயிரிலிருந்து மட்டும் தீவனம். அடுத்ததற்கு மக்காச்சோளம் மட்டும். மூன்றாவதற்கு ஓட்ஸ் மட்டும். நான்காவதற்கு மூன்றும் கலந்தது. வேதியியல் கணக்கில் நான்கும் ஒன்றே. ஹார்ட், மக்காலம், ஸ்டீன்பாக், ஹம்ஃப்ரி ஆகியோர் சோதனையை நடத்தினர்.

கணக்கு ஒன்றாயிருந்தும் பசுக்கள் ஒன்றாக இல்லை. மக்காச்சோளம் தின்றவை மினுமினுப்பாக வளர்ந்து, நிறைமாதத்தில் திடமான கன்றுகளை ஈன்றன. கோதுமை தின்றவை மெலிந்து, குறைமாதத்தில் கன்று போட்டன. கன்றுகள் செத்துப் பிறந்தன, அல்லது பிறந்து செத்தன. அவை கறந்த பாலும் மிகக் குறைவு. மற்ற இரு பிரிவுகளும் இடைப்பட்ட நிலையில் இருந்தன. அடுத்த சுற்றில் தீவனத்தை மாற்றிக் கொடுத்தபோது உடல்நிலையும் மாறியது. 1911-இல் முடிவுகள் வெளியாயின. தீவன அட்டவணைகள் காணாத ஏதோ ஒன்று தீவனத்தில் இருக்கிறது என்பது உறுதியாயிற்று.

அந்த ஏதோ ஒன்றைத் தேடிய இளைஞர் மக்காலம், பசுவை வைத்துக்கொண்டு காலம் போக்காமல் வெள்ளெலிகளுக்கு மாறினார். வேளாண்மைக் கல்லூரியில் எலி வளர்ப்பதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. பாப்காக் அவருக்குத் துணை நின்றார். 1913-இல் மக்காலமும் மார்கெரிட் டேவிஸ் என்னும் அம்மையாரும் கொழுப்பில் கரையும் உயிர்ச்சத்து ஒன்றைக் கண்டறிந்து வெளியிட்டனர். இன்று நாம் வைட்டமின் ஏ என்கிறோம். அது கிடைத்த இடம் எது? வெண்ணெய்க் கொழுப்பு! பாப்காக் குடுவைக் கழுத்தில் 23 ஆண்டுகளாக எத்தனையோ பேர் அளந்துகொண்டிருந்த அதே பொருள். கோதுமைப் பசுக்களின் துன்பத்துக்கு இச்சத்தின் குறையும் சுண்ணச்சத்தின் குறையும் காரணமென்று பின்னர் விளங்கியது.

அதே கல்லூரியின் ஸ்டீன்பாக், புற ஊதாக் கதிரால் உணவில் வைட்டமின் டி-யை உண்டாக்கலாம் என்று கண்டபோது காப்புரிமை பெற்றார். தம் பைக்காக அன்று. 1925-இல் அதற்கென ஓர் அறநிறுவனம் அமைந்து, வருவாய் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கே சென்றது. பாப்காக்கின் வழி சிறந்ததா, ஸ்டீன்பாக்கின் வழி சிறந்ததா என்று பட்டிமன்றமே நடத்தலாம். அளவுகோல் எல்லோர் கையிலும் இருக்க வேண்டிய பொருள் என்பதால், பால் சோதனையைப் பொறுத்தவரை நான் பாப்காக்கின் பக்கம்.

1913-இல் பணி ஓய்வு பெற்றபின்னும் அவர் ஆய்வுக்கூடத்தை விடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான், உலர்ந்த கம்பளியைத் தின்று வாழும் அந்துப்பூச்சிக்குத் தண்ணீர் எங்கிருந்து கிடைக்கிறது என்ற வினாவை எழுப்பி, உணவு உடலுக்குள் எரியும்போதே நீர் பிறக்கிறது என்பதை விளக்கிப் பெரிய கட்டுரையொன்று வெளியிட்டிருந்தார். முதுமையில் பருப்பொருளின் அமைப்பைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் ஹாலிஹாக் என்னும் செம்பருத்தி இனப் பூச்செடிகளை ஆசையோடு வளர்த்தார். பல்கலைக்கழகத்துப் பேஸ்பால் பந்தயங்களைத் தவறாமல் பார்ப்பார். வாய்விட்டுச் சிரிப்பவர் என்று பெயர் பெற்றவர். 1931 ஜூலை 2-ஆம் நாள், 87-ஆம் வயதில், மேடிசன் நகரில் காலமானார். அங்குள்ள பல்கலைக்கழகப் பால்வளக் கட்டடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் விட்டுச்சென்ற ஐயம் மட்டும் ஓய்வு பெறவில்லை. ஒரே தீவனம் தின்னும் இரு பசுக்கள் ஏன் வேறு வேறு பால் தருகின்றன? கொழுப்புப் பேரேடுகளை மரபுப் பொருளோடு ஒப்பிட்டுப் பார்த்து, 2002-இல் பெல்ஜியத்திலும் ஜெர்மனியிலும் இரண்டு குழுவினர் பசுவின் 14-ஆம் குரோமோசோமில் டி.ஜி.ஏ.டி.1 என்னும் மரபணுவைக் குறித்துக் காட்டினர். கொழுப்பு மூலக்கூறைக் கட்டிமுடிக்கும் கடைசி நொதியை ஆக்குவது அது. அந்த நொதியில் 232-ஆம் இடத்தில் லைசின் இருந்தால் பாலில் கொழுப்பு விகிதம் கூடும்; பாலின் அளவு குறையும். அலனின் இருந்தால் நேர்மாறு. நம் நாட்டு மாட்டினங்களையும் எருமைகளையும் ஆராய்ந்த கர்னால் ஆய்வாளர்கள் அவற்றில் லைசின் வகையே நிலைபெற்றிருப்பதை 2006-இல் வெளியிட்டனர். எல்லாவற்றிலும் ஒரே எழுத்து என்றால், நம் மாடுகளுக்குள் காணும் வேறுபாட்டுக்கு இந்த எழுத்து காரணமாகாது. வேறிடத்தில் தேட வேண்டும்.

மரபணு வெளிப்பாடு இங்கேதான் வருகிறது. பசுவின் கொம்பிலும் குளம்பிலும் மடியிலும் உள்ள உயிரணுக்களில் இருப்பது ஒரே மரபுப் பொருள். எல்லா வீட்டிலும் ஒரே சமையல் புத்தகம் இருப்பதுபோல் இது. எந்த வீட்டில் இன்று என்ன கொதிக்கிறது என்பதைப் புத்தகம் சொல்லாது. அதைச் சொல்வது, மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் தூது ஆர்.என்.ஏ. அதன் அளவைக் காண முதலில் ஓரிரு மரபணுக்களுக்கான முறைகள் வந்தன. பிறகு ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே சில்லில் பார்க்கும் முறை. இப்போது எல்லாப் படிகளையும் வரிசையாகப் படித்து எண்ணும் முறை. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கன்று ஈன்ற 15, 90, 250-ஆம் நாட்களில் பசுக்களின் பாலிலிருந்தே உயிரணுக்களைப் பிரித்து எண்ணினர். ஒவ்வொரு கட்டத்திலும் 16,000-க்கு மேற்பட்ட மரபணுக்கள் வெளிப்பட்டன. தொடக்கத்திலும் உச்சத்திலும் பால் புரதங்களுக்குரிய மரபணுக்களே மிகுந்து ஒலித்தன.

ஜெனிவாவில் எழுந்த தீவன ஐயத்துக்கும் ஒரு விடை இவ்வழியில் கிடைத்திருக்கிறது. தானியத்தை மிகுத்து நார்த்தீவனத்தைக் குறைத்தால், பாலின் அளவு குறையாமலே கொழுப்பு மட்டும் சரிந்துபோவது உண்டு. அத்தகைய தீவனத்தால் அசைவயிற்று நுண்ணுயிர்கள் ஒருவகைக் கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகின்றன. நாளொன்றுக்குச் சில கிராம் அளவே அது மடியை எட்டினாலும், கொழுப்பை ஆக்கும் மரபணுக்கள் பல ஒருசேர அடங்கிவிடுகின்றன. தீவனத்தைப் பகுத்தால் இப்பொருள் கிடைக்காது. ஏனெனில் அது தீவனத்தில் இல்லை, வயிற்றில் உண்டாகிறது.

இன்னொரு செய்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். மடி உயிரணுவிலிருந்து கொழுப்பு மணி வெளியேறும்போது அவ்வுயிரணுவின் உறையையே போர்த்துக்கொண்டு வருகிறது. சில மணிகள் அந்த உறைக்குள் உயிரணுவின் உட்பொருளிலும் ஒரு கீற்றைச் சுமந்து வருகின்றன. அதில் தூது ஆர்.என்.ஏ. இருக்கிறது. ஆகவே மடியில் ஊசி குத்தித் தசை எடுக்காமல், கறந்த பாலின் ஆடையைக் கொண்டே மடிக்குள் நடப்பதை இன்று படிக்கிறார்கள். 1890-இல் பாப்காக்கின் அமிலம் கரைத்துக் கருக்கியது அந்த உறையைத்தான். கொழுப்பு மட்டும் தெளிவாக மேலே வர, மற்றவை குடுவையின் அடியில் கரிய நீராய்த் தங்கின. சோதனை முடிந்ததும் அதைக் கொட்டிவிட்டுக் குடுவையைக் கழுவி வைப்பார்கள்.